நாய்க்குப் புற்றுநோய் வைத்தியமா? ஒரு வாத்தியாரின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

வயசான நாய்க்குப் புற்றுநோய் வைத்தியம் பார்க்கப் பண உதவி வேண்டும் என்று யார் பதிவு போட்டாலும், கீழே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "மனுசனுக்கே வழியக் காணோம், நாய்க்குப் போயி கேன்சர் வைத்தியமா?" போன வாரம் நான் பகிர்ந்த உதவிப் பதிவிலும் வந்தது. கேட்டவர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவர். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருடைய அப்பாவின் வைத்தியத்துக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துபோக மனசு வரவில்லை. நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில், வரலாற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அசோகரிடம் போவோம். கலிங்கப் போரையும் சாலையோர மரங்களையும் எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருப்போம். அவருடைய இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டை அவ்வளவாகப் படித்திருக்க மாட்டோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தன் ஆட்சிப் பகுதியிலும் எல்லைக்கு அப்பால் உள்ள நாடுகளிலும் இரண்டு வகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்திருப்பதாக அதில் சொல்கிறார். ஒன்று மனிதருக்கு, இன்னொன்று விலங்குகளுக்கு. மருந்துச் செடி இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய் நட்டதாகவும் சொல்கிறார். அந்த எல்லை நாடுகளின் பட்டியலில் சோழர் இருக்கிறார்கள், பாண்டியர் இருக்கிறார்கள், சேரர் இருக்கிறார்கள். நம் ஆலங்குளமும் தென்காசியும் பாண்டிய நாட்டு மண். ஏற்பாடு எந்த அளவுக்கு நடந்தது என்பது வேறு விவாதம். ஆனால் மனிதருக்கும் விலங்குக்கும் சேர்த்தே வைத்தியம் என்ற எண்ணம் இன்று நேற்று வந்த பணக்காரப் பழக்கம் கிடையாது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கல்லில் நிற்கிறது.

அடுத்தது நம் தமிழ்க் கல்வெட்டு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. மாடுபிடி சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதற்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்தக் கல் சொல்கிறது. அந்தக் காலத்தில் எத்தனையோ மனிதர்கள் பெயர் தெரியாமல் போய்விட்டார்கள். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. காவல் நின்றதுக்கு ஊர் பட்ட கடனை அப்படித் தீர்த்தார்கள்.

சரி, மரியாதை இருந்தது. ஆஸ்பத்திரி எப்போது வந்தது?

நவீன கால்நடை மருத்துவம் நாய்க்காகப் பிறக்கவில்லை. பிரான்சில் லியோன் நகரத்தில் 1762இல் கிளாட் பூர்ஜெலா என்பவர் தொடங்கியதுதான் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. ஐரோப்பாவில் மாடுகள் வெக்கை நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. குதிரை இல்லாவிட்டால் ராணுவம் இல்லை. மாடு இல்லாவிட்டால் உழவு இல்லை. அரசாங்கம் பணம் போட்டதற்கு அதுதான் காரணம். நம் நாட்டிலும் கதை ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துக் கால்நடைத் துறை குதிரைக்கும் மாட்டுக்கும் பாடுபட்டது. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1இல் தொடங்கியது. உலகமே சேர்ந்து தடுப்பூசி போட்டு, 2011இல் வெக்கை நோயை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தது. மனிதருக்கு வந்த நோய்களில் பெரியம்மை ஒழிந்ததுபோல, விலங்கு நோய்களில் முழுசாக ஒழிந்தது அது ஒன்றுதான். பெரிய சாதனை. அந்தப் பணமெல்லாம் சரியான இடத்துக்குத்தான் போனது.

இதில் நாய் எங்கே வந்தது? பின்வாசல் வழியாக வந்தது. அந்த வாசலைத் திறந்தது அரசாங்கம் இல்லை, தனி மனிதர்களின் சில்லறைக் காசு.

1917, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். லண்டன் ஒயிட்சேப்பல் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. மரியா டிக்கின் என்ற பெண்மணி அங்கே ஒரு நிலவறையில் ஏழைகள் வளர்க்கும் விலங்குகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். அன்றைக்கும் அந்த ஊரில் மனிதருக்கே வைத்தியம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் கழுதையையும் நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அந்த ஏழைகளேதான். அந்த அமைப்பு நூறு வருஷம் தாண்டி இன்றும் நடக்கிறது.

நம்மூரிலும் அப்படித்தான். சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்ததில் தொடங்கியது ப்ளூ கிராஸ். நாட்டியத்துக்குப் பெயர் போன ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது வழிகாட்டி, 1960இல் சட்டமே வந்தது. அதன்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையிடமும் நம் சென்னையில்தான் வெகுகாலம் இருந்தது.

இப்போது புற்றுநோய்க்கு வருகிறேன்.

"நாய்க்கும் கேன்சர் வருமா சார்?" என்று சிலர் கேட்டார்கள். வரும். அதிலும் ஒரு வகை, இன்று உலகத்தில் உயிரோடு இருக்கும் புற்றுநோய்களிலேயே மிகப் பழையது. நம் தெருநாய்களிடம் பிறப்புறுப்பில் ரத்தம் ஒழுகும் கட்டி பார்த்திருப்பீர்கள். அது இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்று. கிருமி எதுவும் தொற்றுவதில்லை, புற்றுச் செல்லே நேராகத் தாவுகிறது. 1876இல் ரஷ்யாவைச் சேர்ந்த நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து எடுத்து இன்னொரு நாய்க்கு ஒட்டவைத்து வளரச்செய்து காட்டினார். புற்றுநோய் ஆராய்ச்சி வரலாற்றில் அது ஒரு மைல்கல். 2019இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தப் புற்று 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஏதோ ஒரு நாயிடம் தோன்றியிருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த நாய் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிவிட்டது. அதன் செல்கள் இன்னும் நம் பஸ் ஸ்டாண்டு நாய்களிடம் உயிரோடு திரிகின்றன.

இத்தனை பழைய நோய்க்கு மருந்து எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அது வரும் செடி நித்தியகல்யாணி. ஆமாம், வாசலில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கிறதே, சுடுகாட்டுமல்லி என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்களே, அதே செடிதான்.

அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. பல நாடுகளில் அதன் இலையைச் சர்க்கரை வியாதிக்கு நாட்டு மருந்தாகக் குடித்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து அப்படிப்பட்ட இலைகள் சில, கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்குத் தபாலில் வந்தன. அவர் அவற்றைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. 'இது வேலைக்காகாது' என்று தூக்கிப் போடாமல், வெள்ளையணு ஏன் குறைந்தது என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம். வெள்ளையணு கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் தனியாக இந்தச் செடியை ஆராய்ந்தது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியை விவசாயமாகவே செய்தார்கள், செய்கிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு கடிக்காது. இலையும் வேரும் காய்ந்து மூட்டையாகி மருந்துக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போனது. டன் கணக்கில் இலை போட்டால் சில கிராம் மருந்துதான் தேறும். நம் கரிசலிலும் செம்மண்ணிலும் வெயிலில் நின்று இலை பறித்த கைகளுக்கு, அது எந்த நாட்டில் எந்தக் குழந்தையின் நரம்பில் ஏறியது என்று தெரியாது.

அதே மருந்துதான் நாய்க்கும். தெருநாய்க்கு வரும் அந்தத் தொற்றுப் புற்றுக்கு வாரம் ஒரு ஊசி வீதம் நாலு முதல் ஆறு வாரம் நரம்பில் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடும். ஆயிரக்கணக்கான வருஷத்து நோய் ஆறு ஊசியில் அடங்குகிறது.

எல்லாப் புற்றும் அப்படி அடங்குவதில்லை. நான் பகிர்ந்த பதிவில் இருந்த நாய்க்கு வந்திருப்பது லிம்ஃபோமா. நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் புற்று. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டினதுபோல வீங்கியிருந்தது. வயசு பத்து. வளர்ப்பவர் எங்கள் பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் ஓர் அம்மா. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். ராத்திரி அந்த அம்மா முறத்தை மடியில் வைத்துச் சுற்றும்போது வாசற்படியில் காவல் இருப்பது அந்த நாய்தான். வைத்தியமே பார்க்காவிட்டால் இந்த நோயில் பொதுவாக ஒன்றிரண்டு மாசம். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பாதி நாய்கள் ஏறத்தாழ ஒரு வருஷம் ஓட்டும். முழுக் குணம் அபூர்வம். மருத்துவர் இதை ஒளிக்காமல் சொன்னார். நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செலவு எங்கே ஆகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆச்சரியம் என்னவென்றால் வின்கிரிஸ்டின் குப்பி விலை குறைவுதான். மற்றதெல்லாம் சேரும்போதுதான் தொகை ஏறுகிறது. ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனை, வெள்ளையணு குறைந்திருந்தால் ஊசியைத் தள்ளிப்போட்டு மறுபடி போய்வருவது, ஸ்கேன், வேறு மருந்துகள், வாந்திக்கு மாத்திரை, டிரிப். எல்லாவற்றுக்கும் மேலே வண்டி வாடகை. ஆலங்குளத்திலிருந்து நெல்லைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவோ குட்டியானையோ பிடிக்க வேண்டும். இப்படி மாசக்கணக்கில் போய்வர எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குப் பக்கம் வரும் என்று உத்தேசக் கணக்கு. ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீடு இல்லையா என்றால், ஸ்வீடனில் 1924லேயே நாய்க்குக் காப்பீடு வந்துவிட்டது. இங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரசு மானியத்தோடு காப்பீடு உண்டு. நாய்க்கும் சில கம்பெனிகள் தருகின்றன. ஆனால் புதிதாக எடுக்க வயசு வரம்பு வைத்திருப்பார்கள். புற்றுநோய் வருவதோ பெரும்பாலும் வயசான நாய்க்கு. நோய் வந்தபின் எடுக்கும் காப்பீடு அந்த நோய்க்கு உதவாது. ஆக, அரசாங்கம் மாட்டைப் பார்க்கிறது, கம்பெனி குட்டி நாயைப் பார்க்கிறது. கிழட்டு நாய்க்கு வளர்த்தவர் மட்டும்தான்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். மனிதருக்கே வழியில்லாதபோது என்கிறார். மனிதருக்கு வழி எப்படி வந்தது? சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் சுமந்து, கிட்டத்தட்ட ஊர் ஊராகக் கையேந்தி நிதி திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. குணமாகாத நோய்க்கு எதற்கு இவ்வளவு செலவு என்ற எண்ணம் அன்றைக்குப் பலருக்கும் இருந்தது. இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஏழைக்குப் புற்றுநோய் சிகிச்சை கிடைக்கிறது என்றால், அதற்கு முன்னால் இப்படிக் கையேந்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். மனித வைத்தியமும் நாய் வைத்தியமும் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று பிடுங்கித் தின்று வளரவில்லை. மருந்து ஒரே செடியிலிருந்து வந்தது, நாயின் கட்டியைப் பார்த்து மனிதன் கற்றான், இரண்டுமே கேட்டவர்களின் கூச்சத்திலும் கொடுத்தவர்களின் சில்லறையிலும் நின்றன.

உதவி கேட்பது நமக்குப் புதுசும் இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். ஒரு வீட்டின் பெரிய செலவை ஊர் பிரித்துச் சுமப்பதுதான் மொய். செல்போனில் கேட்பதால் அது பிச்சை ஆகிவிடாது. ஆனால் மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதி வைப்போம் இல்லையா, அந்த ஒழுங்கு இதிலும் வேண்டும்.

கேட்பவர்களுக்குச் சில யோசனைகள். நோயின் பெயரோடு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் செலவு மதிப்பீட்டையும் போடுங்கள். முடிந்தவரை பணம் நேராக மருத்துவமனைக்கே போகட்டும். ரசீதைப் பகிருங்கள். மீதி இருந்தால் எங்கே போனது என்று சொல்லுங்கள். ஒருவேளை நாய் நடுவில் இறந்துவிட்டால் அதையும் சொல்லுங்கள். அன்றைக்கே வசூலை நிறுத்துங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குணமாகுமா, நாள் நீளுமா, இல்லை வலி மட்டும் குறையுமா? முழு வைத்தியத்துக்குப் பணம் இல்லாவிட்டால் குறைந்த செலவில் என்ன செய்யலாம்? எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும்? லிம்ஃபோமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தும் சில வாரம், சில மாசம் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் முழு வைத்தியம் செய்வதாக இருந்தால் அந்த மாத்திரையை முந்திக் கொடுத்துவிடக் கூடாது, பிறகு ஊசி மருந்து சரியாகக் கேட்காமல் போகலாம். அதனால் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். நாய்க்கு இந்த வைத்தியத்தில் அளவு குறைத்தே கொடுப்பார்கள், நோக்கம் அது நன்றாகச் சாப்பிட்டு நடமாட வேண்டும் என்பதுதான். சாப்பாட்டை வெறுத்து, எழுந்திருக்க முடியாமல், வலியில் கிடந்தால் நிறுத்துவதும் வைத்தியம்தான். அந்த முடிவை எடுப்பவரை யாரும் ஏசாதீர்கள்.

நித்தியகல்யாணி மருந்து என்று சொன்னதும் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று ஒருவர் போனில் கேட்டார். வேண்டவே வேண்டாம். பச்சை இலை விஷம். சுத்தம் செய்த மருந்தே நரம்புக்கு வெளியே சிந்தினால் சதை வெந்துவிடும்.

வந்தபின் சேர்க்கும் பணத்தைவிட, வருமுன் பார்க்கும் ஐந்து நிமிஷம் மலிவு. பெண் நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்னாலேயே கருத்தடை செய்துவிட்டால் மார்பகக் கட்டி வருவது மிக அரிது என்று 1969இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தத் தொற்றுப் புற்றும் இணை சேராத நாய்க்கு வர வாய்ப்புக் குறைவு. நெல்லை ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால், முலைக்காம்பு வரிசை நெடுக விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நிலக்கடலை அளவு கட்டி தட்டுப்பட்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அது எலுமிச்சை அளவு ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.